மனைவி இல்லாத முதல் ஈஸ்டர்: பாஸ்கா இரவில் எப்படிப் போய் நிற்பது?

ஆயர்ஈத்தாம்_வாசி | 25 மார்ச் 2026

இந்தக் குழுமத்தில் பல வருடமாக வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் மனைவி போன அக்டோபரில் காலமானாள். கணையத்தில் புற்றுநோய். பிப்ரவரியில் கண்டுபிடித்தார்கள், எட்டு மாதத்தில் முடிந்துவிட்டது. எங்களுக்குக் கல்யாணமாகி 27 வருடம். ஒரே மகள், கோலாலம்பூரில் வேலை செய்கிறாள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். அவள் பிறந்தது சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். கோயில் பாடகர் குழுவில் 20 வருடத்துக்கு மேல் பாடினாள். ஜூலை மாதம் வந்தால் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றாமல் இருக்கமாட்டாள்.

போன வருடம் ஈஸ்டருக்கு அவளால் கோயிலுக்கு வர முடியவில்லை. வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, போப் பிரான்சிஸ் மாடத்துக்கு வந்து ஆசீர்வாதம் கொடுத்ததைக் கைப்பேசியில் பார்த்தாள். மறுநாள் சாயங்காலம் அவர் இறந்த செய்தி வந்தது. "பாருங்க, பண்டிகையை முடிச்சுக் கொடுத்துட்டுப் போயிருக்காரு" என்றாள். அப்போது தன்னைப் பற்றித்தான் நினைத்தாளோ என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு பினாங்கில், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. தினமும் காலை பத்து மணி இடைவேளைக்கு அவளிடமிருந்து போன் வரும். ஒரே கேள்விதான்: "பசியாறிட்டீங்களா?" இரண்டு நிமிடம்கூட ஆகாது. இப்போதும் பத்து மணியானால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது.

நோயின்போது ஒரு செபக்குழுவினர் வீட்டுக்கு வந்து, சுகம் கிடைத்துவிட்டது, அதை வாயால் அறிக்கை செய்யுங்கள் என்றார்கள். அவள் இறந்த பிறகு அதே குழுவில் ஒருவர், எங்கள் விசுவாசத்தில் எங்கோ குறை இருந்திருக்கும் என்று அடுத்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதிலிருந்து யாராவது ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தாலே உடம்பு விறைத்துக்கொள்கிறது.

வருகிற ஞாயிறு குருத்து ஞாயிறு, அப்புறம் பெரிய வெள்ளி. பெரிய வெள்ளி எனக்குப் பயமில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், அன்று எல்லாரும் அழுவார்கள், நானும் அழுதுகொள்ளலாம். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி வழிபாடு, அந்தப் பாஸ்கா இரவுதான் பயமாக இருக்கிறது. மணி அடித்து, விளக்கெல்லாம் எரிந்து, எல்லாரும் அல்லேலூயா பாடும்போது நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? அவர் உயிர்த்தார், சரி. இவள் எழுந்திருக்கவில்லையே.

ஆறுதல் வேண்டாம். இந்தப் பண்டிகைக்கு என்னைப் போன்றவனிடம் சொல்ல என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

பிரிக்ஃபீல்ட்ஸ்_அத்தை | 25 மார்ச் 2026

தம்பி, எனக்கு வயது 68. மெத்தடிஸ்ட் சபை. 11 வருடத்துக்கு முன்னால் என் மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான், அப்போது அவனுக்கு 24.

முதல் வருடம் ஈஸ்டர் ஆராதனைக்கு நான் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். இரண்டாவது வருடம் போனேன், பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதனால் முதலில் ஒரு சின்ன விஷயம்: கடைசி வரிசையில், கதவு ஓரமாக உட்காருங்கள். எழுந்து போக வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். பாட முடியாவிட்டால் பாடவேண்டாம். பக்கத்தில் இருப்பவர்கள் உங்களுக்கும் சேர்த்துப் பாடுவார்கள், சபை என்று ஒன்று இருப்பது அதற்குத்தான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மூன்றாவது வருடம் யோவான் சுவிசேஷம் 20-ம் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசித்தேன். சின்ன வயதிலிருந்து நூறு முறை கேட்டது, ஆனால் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது: மகதலேனா மரியாள் கல்லறைக்குப் போனபோது இன்னும் இருட்டு. பாட்டுப் பாட வந்தவள் இல்லை அவள், செத்தவருக்காக அழ வந்தவள். அங்கே உடலைக்கூடக் காணோம். கல்லறை காலியாக இருப்பதைப் பார்த்த பிறகும் அவள் அழுகையை நிறுத்தவில்லை, இன்னும் கூடுதலாக அழுதாள். காலிக் கல்லறையைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டதாக அந்த அதிகாரத்தில் இல்லை, தம்பி.

இயேசு அவளிடம் "ஸ்திரீயே, ஏன் அழுகிறாய், யாரைத் தேடுகிறாய்" என்று கேட்கிறார். அதட்டலாக எனக்குக் கேட்கவில்லை. அவள் அவரைத் தோட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டு சொல்கிற பதிலைப் பாருங்கள்: "நீர் அவரை எடுத்துக்கொண்டு போனதுண்டானால், அவரை வைத்த இடத்தை எனக்குச் சொல்லும், நான் போய் அவரை எடுத்துக்கொள்ளுவேன்." ஒரு பெண் தனியாக ஓர் ஆணின் உடலை எப்படித் தூக்குவாள்? அதை யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. பிணவறை வாசலில் நானும் அப்படித்தான் நின்றேன். கொடுங்கள், நானே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று அங்கிருந்த பையனிடம் சொன்னேன்.

உயிர்த்தெழுந்தவரை முதலில் பார்த்தவள் அவள்தான். அழுதுகொண்டே நின்றவள். அழுது முடித்துவிட்டு வா என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

—

விசுவாச_வீரன் | 26 மார்ச் 2026

பிரதர், உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனாலும் வேதம் சொல்வதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து" என்று 1 தெசலோனிக்கேயர் 4:13 சொல்கிறது. நாம் அப்படி இருக்கக்கூடாது. சிஸ்டர் இப்போது வேதனை இல்லாத இடத்தில் இருக்கிறார். ஈஸ்டர் வெற்றியின் நாள். சாத்தான் உங்கள் துக்கத்தை வைத்து அந்த வெற்றியைத் திருடப் பார்க்கிறான். எழுந்து நின்று துதியுங்கள், பாரம் தானாக இறங்கும்.

—

ஆயர்ஈத்தாம்_வாசி | 26 மார்ச் 2026

இந்த மாதிரிப் பதிலைத்தான் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பிரதர். அவள் நல்ல இடத்தில் இருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் இங்கே இல்லை என்பதுதான் என் துக்கம்.

அத்தை, நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன்.

—

லூத்தரன்_பேரன் | 26 மார்ச் 2026

வீரன் பிரதர் காட்டிய வசனத்தை நானும் எடுத்துப் பார்த்தேன். துக்கப்படாதீர்கள் என்று பவுல் எழுதவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்படாதீர்கள் என்று எழுதுகிறார். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. நம்பிக்கை உள்ளவனுக்கும் துக்கம் உண்டு. லாசருவின் கல்லறைக்குப் போன இயேசுவைப் பாருங்கள். இன்னும் சில நிமிடத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும், இருந்தும் அங்கே "இயேசு கண்ணீர் விட்டார்" என்றுதான் எழுதியிருக்கிறது. முடிவு தெரிந்தவரே அழுதார் என்றால், அழுகையை விசுவாசக் குறைவு என்று யார் சொல்லமுடியும்?

அதே பவுல்தான் 1 கொரிந்தியர் 15-ல் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். மரணத்தை நல்ல நண்பன், விடுதலை, இயற்கை என்றெல்லாம் சொல்லி நாம் சமாதானப்படுத்திக்கொள்கிறோம். வேதம் அதைச் சத்துரு என்கிறது. அண்ணன் அதன்மேல் கோபப்படுவது சரியான கோபம்தான்.

இன்னொன்று. மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய முழுக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டு, 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, 16:8-லேயே நின்றுவிடுகின்றன. பெண்கள் கல்லறையிலிருந்து நடுங்கி ஓடினார்கள், பயந்திருந்தபடியால் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். முதல் ஈஸ்டர் காலையில் நடுக்கம் இருந்தது என்பதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய தைரியம்.

எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போவார்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடியிருக்கிறேன். 1732-ல் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியச் சபை வாலிபர்கள் சிலர் ஈஸ்டர் அதிகாலையில் ஊர்க் கல்லறைக்குப் போய், புதைத்தவர்களின் நடுவில் நின்று பாடினார்கள். சூரிய உதய ஆராதனையின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். அண்ணனால் கோயிலுக்குள் நிற்க முடியவில்லை என்றால் கல்லறையில் போய் நிற்கட்டும். அதுவும் ஈஸ்டர்தான், பார்க்கப்போனால் முதல் ஈஸ்டரும் கல்லறையில்தான்.

—

செராஸ்_மகள் | 28 மார்ச் 2026

அங்கிள், நானும் கத்தோலிக்கப் பிள்ளைதான். என் அப்பா 2020-ல், நடமாட்டக் கட்டுப்பாடு வந்த புதிதில், புனித வாரத்தில் இறந்தார். கோவிட் இல்லை, மாரடைப்பு. செராஸ் கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம். குடும்பத்தில் சிலர் மட்டும், முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் தொடாமல் நின்றோம். அண்ணன் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டு வீடியோவில் பார்த்தான். அந்த வருடம் ஏப்ரல் 12 ஈஸ்டர். கோயிலெல்லாம் பூட்டு. அம்மா வரவேற்பறையில் அப்பா படத்துக்கு முன்னால் கைப்பேசியைச் சாய்த்து வைத்து பூசை பார்த்தார்.

எனக்கு அந்த நேரத்தில் பிடிகிடைத்தது ஈஸ்டர் ஞாயிறு இல்லை, புனித சனிதான். அன்று பகலில் நமக்கு பூசை கிடையாது. பீடத்துணியை எடுத்துவிடுவார்கள், நற்கருணை அப்பம் வைக்கும் பேழை திறந்தே கிடக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. சிறுவயதில் அந்த நாள் எனக்குச் சலிப்பாக இருக்கும். அப்பா இறந்த பிறகுதான், இப்படி ஒரு நாளைத் திருச்சபை ஏன் காலியாகவே விட்டு வைத்திருக்கிறது என்று புரிந்தது. கடவுளின் மகனே செத்துக் கிடந்த ஒரு முழு நாள். சீடர்களுக்கு ஞாயிறு வரப்போகிறது என்று தெரியாது. அவர்களுக்கு அது வெறும் மறுநாள். அடக்கத்துக்கு மறுநாள். நாற்காலியெல்லாம் திருப்பிக் கொடுத்து, சட்டி பானை கழுவி வைத்த பிறகு வீடு ஒரு மாதிரி இருக்குமே, அந்த நாள்.

சிலருக்கு அந்தச் சனிக்கிழமை ஒரே நாளில் முடிவதில்லை, அங்கிள். எனக்கு மூன்று வருடம் ஆனது. நீங்கள் இன்னும் சனிக்கிழமையில் இருந்தால் அங்கேயே இருங்கள். அதற்கும் இந்தப் பண்டிகையில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

—

பிரிக்ஃபீல்ட்ஸ்_அத்தை | 30 மார்ச் 2026

தம்பி, திரும்ப வந்தேன். உங்கள் முதல் பதிவில் ஒரு வார்த்தை இருந்தது, நாலு நாளாக என்னை விடவில்லை. பசியாறிட்டீங்களா.

மலேசியாவில் இருக்கிற நமக்குத்தான் இந்த வார்த்தையின் சுவை முழுசாகத் தெரியும். காலைச் சாப்பாடு என்று நாம் சொல்வதில்லையே, பசியாறினாயா என்றுதான் கேட்போம். சாப்பிட்டதைக் கேட்பது போல இருக்கும், கேட்பது உன் பசியை.

யோவான் 21 எடுத்துக்கொள்ளுங்கள். சீஷர்கள் ராத்திரி முழுக்க வலை போட்டு ஒரு மீனும் கிடைக்கவில்லை. விடியற்காலை, கரையில் ஒருவர் நிற்கிறார். யாரென்று அடையாளம் தெரியவில்லை. அவர் முதலில் என்ன கேட்கிறார் பாருங்கள்: "பிள்ளைகளே, புசிக்கிறதற்கு ஏதாகிலும் உங்களிடத்தில் உண்டா?" அப்புறம் அவர்கள் கரை ஏறி வந்தால் கரிநெருப்பு போட்டு, அதன்மேல் மீன் வைத்து, அப்பமும் தயாராக இருக்கிறது. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், வாங்க, பசியாறுங்க.

மரணத்தை ஜெயித்து வந்தவர் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்! பிரசங்கம் இல்லை, ஏன் என்னை விட்டு ஓடினீர்கள் என்ற கேள்வி இல்லை. பேதுரு மூன்று தடவை மறுதலித்ததும் இதே மாதிரி ஒரு கரிநெருப்புக்குப் பக்கத்தில் நின்றுதான். அந்த நெருப்பு அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும். இவர் அவனுக்கு முதலில் மீனைக் கொடுக்கிறார், பேச்சு எல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான்.

அவருடைய கையைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்தக் கையில் ஆணிக் காயம் அப்படியே இருந்தது. தோமாவுக்குக் காட்டினாரே. உயிர்த்தெழுந்த உடம்பில் காயத்தை ஆற்றிக்கொள்ள அவருக்கு முடியாதா என்ன? வைத்துக்கொண்டார். என் மகன் நெற்றியில் இருந்த காயத்தை நினைத்து நினைத்து அழுதவள் நான். காயத்தோடு இருக்கிற ஒருவரிடம்தான் என்னால் பேச முடிந்தது.

27 வருடம் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவள், அதை எங்கிருந்து எடுத்தாள் என்று நினைக்கிறீர்கள்?

—

விசுவாச_வீரன் | 31 மார்ச் 2026

பிரதர், நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். மன்னிக்கவும். போன வருடம் என் தங்கை இறந்தாள். துதித்தால் இறங்கிவிடும் என்று என்னிடம் சொன்னார்கள், நானும் அதையே உங்களிடம் சொன்னேன். எனக்கு இன்னும் இறங்கவில்லை. இந்த இழையை தினமும் வாசிக்கிறேன்.

—

ஆயர்ஈத்தாம்_வாசி | 31 மார்ச் 2026

மன்னிப்பு எதற்கு பிரதர். தங்கைக்காக செபிக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு மேல் நான் கோயில் கடைசி வரிசையில் இருப்பேன், நீங்கள் இருக்கிற இடத்தில் இருந்து நினைத்துக்கொள்ளுங்கள்.

—

ஆயர்ஈத்தாம்_வாசி | 6 ஏப்ரல் 2026

போனேன். அதை எழுதவேண்டும்.

மகள் வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி வந்துவிட்டாள். சனி ராத்திரி கோயில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, வெளியே நெருப்பு மூட்டியிருந்தார்கள். பாதர் பாஸ்கா திரியை, அந்தப் பெரிய மெழுகுவத்தியைப் பிடித்து அதில் சிலுவை கீறி, நாலு பக்கமும் வருடத்தின் எண்களைக் குறித்தார். 2, 0, 2, 6. ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்தார்.

அக்டோபரில் அவள் பெட்டியின் தலைமாட்டில் நின்றதும் இந்த மாதிரித் திரிதான். அன்று எனக்குப் பெட்டியைப் பார்க்க முடியவில்லை, திரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2025 என்று இருந்தது. ஞானஸ்நானத்துக்கும் இதே திரியில்தான் ஏற்றுவார்கள், அடக்கத்துக்கும் இதே திரியைத்தான் வைப்பார்கள். மகள் ஞானஸ்நானம் வாங்கிய அன்று நான்தான் அதிலிருந்து சின்ன மெழுகுவத்தியை ஏற்றினேன். புதிய திரியில் 2026-ஐப் பார்த்ததும் கால் தளர்ந்துவிட்டது. அவள் பார்க்காத எண். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் இருட்டுக்குள் அந்தத் திரி மட்டும் முன்னே போனது. அதிலிருந்து ஒருவர் மற்றவருக்கு ஏற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். கடைசி வரிசை என்பதால் எங்களுக்கு வர நேரமானது. முன் வரிசையில் எட்டு வயது இருக்கும் ஒரு பையன், திரும்பி நின்று என் மெழுகுவத்தியை ஏற்றினான். கை ஆடியது, மெழுகு என் விரலில் சொட்டியது. "சாரி அங்கிள்" என்றான்.

மணி அடித்து விளக்கு வந்தபோது நான் பாடவில்லை. பாடகர் குழுவில் அவள் நிற்கும் இடத்தில் வேறு யாரோ ஓர் இளம்பெண். பார்த்தேன், பார்க்க முடிந்தது. ஞானஸ்நான வாக்குறுதியின்போது உடலின் உயிர்ப்பை நம்புகிறீர்களா என்று பாதர் கேட்டார். எனக்குச் சத்தம் வரவில்லை. மகள் சொன்னாள். அவள் குரலில் பாதியில் நானும் சேர்ந்துகொண்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கதவு பக்கத்தில்தான் இருந்தது, எழுந்து போகவில்லை.

ஞாயிறு விடியும் முன்பு மகள் இடியாப்பம் பிழிந்தாள். அவள் அம்மாவின் மர அச்சு, ஒரு கைப்பிடி விரிசல் விட்டது, நான் செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்திருந்தேன். ஏழு வருடம் இருக்கும். வேறு வாங்கித் தருகிறேன் என்றால் கேட்கமாட்டாள், கம்பி இருக்கும் இடம்தான் கைக்கு வாகாக இருக்கிறது என்பாள். மகளும் பழக்கமில்லாமல் அந்தக் கம்பியைத்தான் பிடித்தாள். தேங்காய்ப்பூ, பழுப்புச் சர்க்கரை, எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, பேரன் தம்பி சொன்ன மாதிரி வெஸ்டர்ன் ரோடு கல்லறைக்குப் போனோம்.

இந்த வருடம் ஈஸ்டரும், சீனர்கள் முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் செங் பெங் நாளும் ஒரே நாள். காலையிலேயே கார் நிறுத்த இடம் இல்லை. சீனக் கத்தோலிக்கக் குடும்பங்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து கல்லறைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அவள் கல்லறையில் ஒருவர் குந்தி உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். வைக்கோல் தொப்பி, கால் சட்டை, சேறு பட்ட கை. கல்லறைத் தோட்டத்து வேலைக்காரர் என்று நினைத்தேன். கிட்டே போய், காசு கொடுக்கலாம் என்று பர்ஸைக்கூட எடுத்துவிட்டேன்.

வேலைக்காரர் இல்லை. 80 வயது இருக்கும், சீனப் பெரியவர். பக்கத்துக் கல்லறை அவர் மனைவியுடையது. அதைச் சுத்தம் செய்தாராம், புல் இந்தப் பக்கமும் ஓடியிருந்ததாம், அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாராம். மலாயில் சொன்னார். நான் ஒன்றும் பேசாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "சுடா மாக்கான்?" என்று கேட்டார். சாப்பிட்டாச்சா என்று.

பினாங்கில் எல்லாரும் எல்லாரையும் கேட்கும் கேள்விதான் அது. எனக்குத் தெரியும். என்றாலும் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அக்டோபரில்கூட அப்படி அழவில்லை. அவர் எழுந்து போகவில்லை. பிளாஸ்கில் இருந்த கோப்பியை மூடியில் ஊற்றி மகளிடம் கொடுத்து, என்னைக் காட்டினார்.

அப்புறம் மகள் டப்பாவைத் திறந்தாள். "ஓ, புட்டு மாயம்!" என்றார் பெரியவர். இடியாப்பத்தை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று பேரும் அந்தச் சிமெண்டு ஓரத்தில் உட்கார்ந்து பசியாறினோம். அவர் சர்க்கரை கூடுதலாகக் கேட்டு வாங்கினார்.

—

பிரிக்ஃபீல்ட்ஸ்_அத்தை | 6 ஏப்ரல் 2026

வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், தம்பி.

—

செராஸ்_மகள் | 7 ஏப்ரல் 2026

அங்கிள், அந்தப் பெரியவரின் மனைவி பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டீர்களா? நவம்பர் 2 கல்லறைத் திருநாள் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும்போது சேர்த்துக் கொடுக்கலாம்.

—

ஆயர்ஈத்தாம்_வாசி | 7 ஏப்ரல் 2026

கேட்டேன் அம்மா. கல்லிலும் இருக்கிறது. விசுவாச வீரன் பிரதர், உங்கள் தங்கையின் பெயரைத் தனி மடலில் அனுப்புங்கள், மூன்றையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறேன்.